ஆவண மேலாண்மை அமைப்பில் வெளியாருக்கு அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தணிக்கையாளர், வழக்கறிஞர், ஒப்பந்தக்காரர், வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று வெளியிலிருந்து நம்மோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு நம் ஆவணங்களைத் திறந்துவிட வேண்டிய தேவை இல்லாத அலுவலகமே இன்று இல்லை எனலாம். ஆவண மேலாண்மை அமைப்பை நிர்வகிக்கும் பொறுப்பில் இருக்கும் என்னிடம் சக ஊழியர்களும் துறைத் தலைவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றே: அனுமதியைப் பெயர் தெரிந்த ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, குறிப்பிட்ட ஒரு நாள் வரை கொடுக்க வேண்டும், அந்த அனுமதிக்குப் பதில் சொல்ல நம் நிறுவனத்துக்குள் ஒருவர் இருக்க வேண்டும்.

யாரையெல்லாம் வெளியாராகக் கருத வேண்டும்?

நம் மனிதவளத் துறை வேலைக்குச் சேர்த்து, அதே துறை விடுவிக்கும் ஏற்பாட்டுக்குள் வராத எவரும் வெளியார்தான். நம் ஊழியர் ஒருவர் வேலையை விட்டால் மனிதவளத் துறை தகவல் சொல்லும், கணக்கு மூடப்படும், அவர் பார்த்துவந்த அனைத்தும் அதோடு அவருக்கு அடைபட்டுவிடும். வெளியார் ஒருவர் தம் நிறுவனத்திலிருந்து விலகினாலோ, அந்தச் செய்தி நமக்கு வந்து சேர இயல்பான வழி எதுவும் கிடையாது. இந்த அளவுகோலின்படி, ஐந்து ஆண்டுகளாக நம் கட்டடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒப்பந்தப் பணியாளரும் வெளியாரே. அவரிடம் நமக்கு இருக்கும் பழக்கமும் நம்பிக்கையும் வேறு விஷயம்.

எங்கள் ஊழியர் ஒருவரின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தற்காலிகமாக வெளியாரிடம் கொடுத்தால் வேலை எளிதாக முடியுமே?

ஒரு நாளைக்குக்கூடச் செய்யக் கூடாது. அப்படிச் செய்த நிமிடத்திலிருந்து, யார் எப்போது என்ன செய்தார் என்று அமைப்பு தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில் வெளியார் செய்யும் ஒவ்வொன்றும் உங்கள் ஊழியரின் பெயரில் ஏறும்; பின்னால் ஒரு கோப்பு அழிந்திருந்தால் அழித்தது யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு, ஊழியருக்கு உள்ள அனுமதி முழுவதும் வெளியாருக்குப் போய்விடுகிறது. அவருக்குத் தேவைப்பட்டதோ மூன்று கோப்புகள் மட்டுமாக இருக்கலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டி உள்ளே விடுவதும் இதே தவறுதான். ஏறக்குறைய எல்லா அமைப்புகளிலும் வெளியாருக்கு அவர் பெயரிலேயே கொடுக்கும் விருந்தினர் கணக்கு என்ற ஏற்பாடு இருக்கிறது; அதைத் திறக்கச் சில நிமிடங்கள் போதும்.

விருந்தினர் கணக்கெல்லாம் எதற்கு, லிங்க் அனுப்பினால் போதாதா?

எந்த வகை லிங்க் என்பதைப் பொறுத்தது. ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்ற வகை லிங்க், பூட்டில்லாத கதவின் முகவரியைப் போன்றது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் உள்ளே வரலாம். வந்தவர் யார் என்று பதிவேட்டிலும் தெளிவாகத் தெரியாது. நீங்கள் ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சலை அவர் நான்கு பேருக்கு முன்னனுப்பினால், அந்த நால்வரும் உங்களிடம் அனுமதி பெற்றவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். செய்தி வெளியீடு, விளம்பரக் கையேடு போன்று எப்படியும் பொதுவில் வரப்போகும் ஆவணங்களைத் தவிர வேறு எதற்கும் இந்த வகையைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. முடிந்தால் நிர்வாகியின் அமைப்புப் பக்கத்திலேயே இதை அடைத்துவிடுவது நல்லது. மைக்ரோசாஃப்டின் ஆவண மேலாண்மை அமைப்பான ஷேர்பாயிண்டில், வெளியாரோடு எதுவரை பகிரலாம் என்பதற்கு நிறுவனம் முழுவதற்கும் ஓர் எல்லை வைத்து, அதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் இன்னும் இறுக்கமான எல்லையைத் தனித்தனியாக வைக்க முடியும்.

பெயர் குறித்த லிங்க் வேறு. அதைத் திறப்பவர் தாம் இன்ன மின்னஞ்சலுக்கு உரியவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். அவரிடம் அந்தச் சேவையின் கணக்கு இல்லாவிட்டாலும் தடையில்லை: கூகுள் டிரைவில் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு போகும், அதை இட்டவுடன் 7 நாள்கள் வரை அவர் அந்த ஆவணத்தில் வேலை செய்யலாம், பிறகு மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும். எனவே எதிர்முனையில் இருப்பவரிடம் கணக்கு இல்லை என்பது, எவருக்கும் திறக்கும் லிங்க் அனுப்புவதற்கு இப்போது ஒரு காரணமே ஆகாது.

பார்வை, கருத்து, திருத்தம் ஆகியவற்றில் எதைக் கொடுப்பது?

கேட்டவர் எதைக் கேட்டாலும், அவர் செய்யப்போகும் வேலையை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘வரைவைப் படித்துக் குறை சொல்வார்’ என்றால் கருத்து அனுமதி போதும். ‘கணக்குகளைச் சரிபார்ப்பார்’ என்றால் பார்வை போதும். எழுதித் தருபவருக்கு மட்டுமே திருத்தும் அனுமதி வேண்டும், அதுவும் அவர் எழுதும் கோப்பில் மட்டும். ஒரு வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையைக் கொண்டே அந்த வேலை நடக்க வேண்டும் என்பது ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் வகுத்த கொள்கை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு மேலான ஒன்றை நான் பார்க்கவில்லை.

திருத்தும் அனுமதியில் பலரும் கவனிக்காத ஒன்று, பல அமைப்புகளில் அழிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பது. உங்கள் அமைப்பில் இரண்டையும் பிரிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கோப்புறைகளை எப்படி அமைத்தால் தவறு நேராது?

நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கோப்புறை அமைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மேல்கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும் என்பது ஏறக்குறைய எல்லா அமைப்புகளிலும் உள்ள விதி. இதன் வசதி நமக்குத் தெரியும். ஆபத்து, இன்று உள்ளே இருப்பவற்றுக்கு மட்டுமின்றி நாளை யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் அதற்கும் அதே அனுமதி இறங்கிவிடும் என்பதில் இருக்கிறது. நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தின் கோப்புறை வெளி ஆலோசகர்கள் ஆறு பேருக்குத் திறந்திருந்தது. திட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், குழுவினரின் சம்பள விவரம் அடங்கிய விரிதாளை ‘திட்டம் சம்பந்தப்பட்டதுதானே’ என்று நினைத்து அதற்குள் இழுத்துப் போட்டார். அவர் யாருக்கும் எதையும் பகிரவில்லை, ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை, எச்சரிக்கை எதுவும் அவருக்கு வரவுமில்லை. இரண்டு நாள் கழித்து ஆலோசகர்களில் ஒருவரே நாணயத்தோடு அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. உள்வேலைக்கு ஓர் இடம், வெளியாரோடு பகிர்வதற்கு வேறோர் இடம் என்று மேல்மட்டத்திலேயே பிரித்துவிடுகிறோம். உள்வேலைக் கோப்புறைக்கு அடியில் வெளியாருக்கென ஒரு துணைக்கோப்புறையை வைப்பதில்லை; இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நிற்கும். வெளியாருக்கு உரிய கோப்புறையின் பெயரிலேயே ‘வெளிப்பகிர்வு’ என்ற சொல் முதலில் வரும், ஏனென்றால் அனுமதிப் பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை, பெயரை எல்லாரும் பார்க்கிறார்கள். ஓர் ஆவணம் உள்ளிடத்திலிருந்து வெளியிடத்துக்குப் போவது ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே நடக்கும். கட்டுமானத் துறையினருக்கு இது புதிதல்ல: கட்டடத் தகவல்களைக் கையாள்வதற்கென 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரநிலை, ஒரு தகவல் தொகுப்பு வேலையில் இருப்பது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகத்தில் உள்ளது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும் என்றும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகச் சரிபார்ப்பும் ஒப்புதலும் வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டடம் கட்டாதவர்களும் இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘மேல்கோப்புறையைத் திறந்துவிட்டு, அதற்குள் காட்டக் கூடாத இரண்டை மட்டும் அடைத்துவிடலாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அடைக்க மறந்த ஒவ்வொன்றும் அப்போது திறந்தே கிடக்கும். எல்லாவற்றையும் மூடிவைத்துத் தேவையானதைத் திறந்தால், மறதி ஏற்பட்டாலும் யாரோ ஒருவர் ‘எனக்குத் திறக்கவில்லை’ என்று சொல்வதோடு முடிந்துவிடும். நான் மேலே சொன்ன கட்டுரையில் இதுவும் ஒரு கொள்கையாகவே இடம்பெற்றிருக்கிறது. மேலும், கோப்புக்குக் கோப்பு விதிவிலக்கு வைத்துக்கொண்டே போனால் யாருக்கு எது தெரிகிறது என்று நிர்வாகிக்கே புரியாமல் போகும். ஷேர்பாயிண்டில் ஒரு நூலகத்துக்குள், அதாவது கோப்புகளை வைக்கும் ஒரு தொகுப்புக்குள், 50,000 தனி அனுமதிகள் வரை வைக்க இடமுண்டு, 5,000-க்குள் நிறுத்திக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது. ஒரு மனிதர் நினைவில் வைத்துப் பராமரிக்கக்கூடிய எண்ணிக்கையோ அதைவிட மிக மிகக் குறைவு.

பதிவிறக்கத்தைத் தடுத்துவிட்டால் ஆவணம் பாதுகாப்பாக இருக்குமா?

ஓரளவுக்கு. பதிவிறக்கம், அச்சு, நகல் ஆகியவற்றைத் தடுக்கும் வசதி, கவனக்குறைவால் நகல்கள் பெருகுவதைக் குறைக்கிறது. யாரோ ஒருவரின் மடிக்கணினியில் பழைய நகல் தங்கிப் பின்னால் தொல்லை தருவதையும் தடுக்கிறது. வேண்டுமென்றே எடுக்க நினைப்பவரை அது நிறுத்தாது, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் முடிந்தது. பார்ப்பவரின் மின்னஞ்சலும் நேரமும் பக்கத்தின் குறுக்கே மங்கலாகத் தெரியும்படி வாட்டர்மார்க் இட்டால், எடுத்த படம் எவரிடமிருந்து போனது என்றாவது தெரியும். ஒருவர் கண்ணில் படவே கூடாத தகவல் என்றால், அதை அவருக்குக் காட்டாமல் இருப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

கோப்பில் இருப்பது சரிதான். அதற்குப் பின்னால் மறைந்திருப்பவை?

கேட்க வேண்டிய கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. ஒப்பந்த வரைவின் ஏழாவது பதிப்பை எதிர்த்தரப்புக்குத் திறந்துவிடுகிறீர்கள். திருத்தும் அனுமதியோடு வருபவருக்குப் பல அமைப்புகளில் பதிப்பு வரலாறும் திறந்திருக்கும். முதல் ஆறு பதிப்புகளில் நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்ட விலை, விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த நிபந்தனை, தீர்க்கப்பட்டதாகக் குறித்த பழைய கருத்துகள் ஆகிய எல்லாமே அவருக்குக் கிடைக்கும். அதனால், பேரம் நடக்கும் ஆவணங்களைப் பொறுத்தவரை, வேலை செய்த கோப்பைப் பகிராமல், அதிலிருந்து புதிய நகல் ஒன்றை எடுத்து வெளிப்பகிர்வுக் கோப்புறையில் வைக்க வேண்டும்.

விரிதாள்களில் மறைத்துவைத்த வரிசைகளும் தாள்களும் இப்படிப்பட்டவையே. பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயருக்கு மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் பெயர் அழிந்துவிடாது. பட்டையோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால் எழுத்துகள் அப்படியே வரும். நீக்குவதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் நீங்களே ஒருமுறை நகலெடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம்?

வேலை முடியும் நாள் வரை; அந்த நாள் தெரியாவிட்டால் 90 நாள்கள் வரை கொடுத்து, தேவைப்பட்டால் நீட்டியுங்கள். 90 என்பதில் புனிதம் ஏதுமில்லை, எங்கள் அனுபவத்தில் ஒத்துவந்த எண், அவ்வளவுதான். முக்கியமானது, கொடுக்கும்போதே முடிவுத் தேதியையும் இட்டுவிடுவது. கொடுக்கும்போது கேட்பவர் எதிரில் நின்றுகொண்டிருப்பார். எடுக்க வேண்டிய நாளில் நினைவூட்ட ஒருவரும் வர மாட்டார். தேதி இட்டிருந்தால் அமைப்பே எடுத்துவிடும். வேலை இன்னும் முடியவில்லையென்றால் அவரே வந்து கேட்பார்.

எதிர்நிறுவனத்தில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டார் என்பதை நாம் எப்படி அறிவது?

பெரும்பாலும் அறிய மாட்டோம். ஆகவே, அறியாவிட்டாலும் கதவு தானாக அடைபடும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். விருந்தினரை அவருடைய அலுவலக மின்னஞ்சலின் பேரில் மட்டுமே அழையுங்கள். குறியீடு அந்த முகவரிக்குத்தான் போகும், அல்லது அவர் தம் நிறுவனக் கணக்கைக் கொண்டுதான் நுழைவார் என்ற நிலையில், அவர் விலகிய பின் அந்த நிறுவனம் கணக்கை மூடியதும் நம் வாசலும் அவருக்கு மூடப்படும். தனிப்பட்ட மின்னஞ்சலுக்குக் கொடுத்த அனுமதி, அவர் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், நம்முடைய போட்டியாளரிடமே வேலைக்குச் சேர்ந்தாலும், கூடவே போகும். தனியாகத் தொழில் செய்பவர்களுக்குத் தனிப்பட்ட முகவரியைத் தவிர வேறு வழியில்லை. அவர்களுக்கு முடிவுத் தேதியை இன்னும் அருகில் வையுங்கள்.

ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கட்டும்: நம் ஆவணங்களைக் கையாளும் ஆள் மாறினால் இத்தனை நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று.

அனுமதிகளை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், யார் செய்வது?

காலாண்டுக்கு ஒருமுறை, ஆவணத்துக்கு உரிய துறையினர் செய்ய வேண்டும், நிர்வாகி அல்ல. நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தெரியும், அந்த மனிதருக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்பது தெரியாது.

முதல்முறை நான் இதைச் செய்தபோது, முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு திட்டத்தின் கோப்புறையைத் திறந்து அனுமதிப் பட்டியலை விரித்தேன். பதினொரு வெளி முகவரிகள் இருந்தன. நான்கு பேரை யாரென்றே எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு முகவரிகள் பெயரில்லாத பொது அஞ்சல்பெட்டிகள். அவற்றை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலைத் துறைத் தலைவர் முன்னால் வைத்து, ‘இவர்களில் யாருக்கு இன்று வேலை இருக்கிறது?’ என்று கேட்டபோது அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஒருவருக்கும் இல்லை’ என்றார்.

சரிபார்க்கும்போது கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ‘யாரை நீக்கலாம்?’ என்று கேட்டால் யாரையும் நீக்க மனம் வராது. ‘யாரை வைத்திருக்க வேண்டும், எந்த வேலைக்காக?’ என்று கேளுங்கள். பெயர் சொல்லப்படாதவர்கள் நீக்கப்படுவார்கள், குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் எல்லாரும் நீக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் 2022 பதிப்பும் அணுகல் உரிமைகளைக் கொடுப்பது, மீள்பார்ப்பது, மாற்றுவது, நீக்குவது ஆகிய நான்கையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள்தான் வைத்திருக்கிறது. நான்கில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வதே நம்மில் பலரின் பழக்கம்.

விருந்தினர் வேறொருவரை அழைத்துக்கொள்ள அனுமதிக்கலாமா?

கூடாது. அவருக்கு உதவியாளர் தேவையென்றால் நம்மிடம் கேட்கட்டும். மறுபகிர்வைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று ஒரு சோதனைக் கணக்கை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

அமைப்பு தானாக வைத்திருக்கும் காலத்தை நம்பியிருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் வழக்கமான தணிக்கைப் பதிவு 180 நாள்கள் இருக்கும். கூகுள் டிரைவின் நிகழ்வுப் பதிவு 6 மாதங்கள் இருக்கும். ஒரு கசிவு ஓராண்டு கழித்துத் தெரியவந்தால், யார் எப்போது திறந்தார் என்பதற்கு உங்களிடம் சான்று இருக்காது. வெளிப்பகிர்வு இடங்களின் பதிவை மாதந்தோறும் ஏற்றுமதி செய்து, ஒப்பந்தக் காலமும் அதற்குப் பிந்தைய வழக்குக் காலமும் முடியும்வரை வைத்திருங்கள்.

வெளியார் உருவாக்கும் கோப்புகள் யாருக்குச் சொந்தம்?

சட்டப்படி யாருக்கு என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். அமைப்புப்படி யாருக்கு என்பது நீங்கள் தேர்ந்த இடத்தைப் பொறுத்தது. கூகுள் டிரைவில் ஒருவரின் தனி டிரைவிலிருந்து பகிர்ந்த கோப்புறைக்குள் வெளியார் ஒரு கோப்பை உருவாக்கினால், அந்தக் கோப்பின் உரிமையாளர் அவரே. அவர் அதை அழித்தால் உங்களால் மீட்க முடியாது. நிறுவனத்தின் பகிர்ந்த டிரைவில் உருவாக்கினால் உரிமை நிறுவனத்தைச் சேரும். வெளியாரோடு நடக்கும் எந்த வேலையும் தனிநபர் ஒருவரின் டிரைவில் நடக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு கெடுபிடி செய்தால் ஊழியர்கள் ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட மாட்டார்களா?

அனுப்புவார்கள். இந்தக் கவலையை நான் மிகவும் மதிக்கிறேன். விருந்தினர் ஒருவரைச் சேர்க்க மூன்று படிவமும் நான்கு நாளும் ஆகும் என்றால், மாலைக்குள் வேலையை முடிக்க வேண்டியவர் கோப்பை இணைத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நகல் நம் கையை விட்டுப் போனது போனதுதான், முடிவுத் தேதியும் கிடையாது, பதிவும் கிடையாது. ஆகவே சரியான வழிதான் எளிய வழியாகவும் இருக்க வேண்டும். எங்களிடம் கோரிக்கையில் நான்கே கேள்விகள்: யார், எந்தக் கோப்புறை, என்ன வேலை, எந்த நாள் வரை. வெளிப்பகிர்வுக் கோப்புறைகளுக்குத் துறைத் தலைவரின் ஒப்புதலே போதும், நிர்வாகியின் கைக்கு வர வேண்டியதில்லை. தனிநபர் தகவல், சம்பளம், வழக்கு தொடர்பான ஆவணங்களுக்கு மட்டும் இரண்டாவது ஒப்புதல் உண்டு.

தவறான ஆளுக்குப் பகிர்ந்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

அனுமதியை நீக்குங்கள். கோப்பை அழிக்க வேண்டாம். அழித்தால் என்ன போனது என்று பார்ப்பதே கடினமாகிவிடும். மின்னஞ்சலைத் திரும்பப் பெற முயன்று நேரத்தை வீணாக்கவும் வேண்டாம், லிங்க் செயலிழந்துவிட்டால் அந்த மின்னஞ்சல் வெறும் எழுத்துதான். அடுத்து உடனே நிர்வாகியிடம் சொல்லுங்கள். அவர் பதிவேட்டைப் பார்த்து, கோப்பு திறக்கப்பட்டதா, பதிவிறக்கப்பட்டதா, எந்த நேரத்தில் என்று சொல்வார். யாரும் திறக்கவில்லையென்றால் நிகழ்வைக் குறித்துவைத்துக்கொண்டு முடித்துவிடலாம். திறந்திருந்தால், பெற்றவரைத் தொடர்புகொண்டு நகலை அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்க வேண்டும். அதில் தனிநபர் தகவல் இருந்தால் சட்டப் பிரிவுக்கு அன்றே தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் போன்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க 72 மணி நேரமே கொடுக்கின்றன, அந்த நேரம் கசிவை நாம் அறிந்த கணத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. தயங்கித் தயங்கி மறுநாள் வந்து சொல்பவரைவிட, பத்தாவது நிமிடத்தில் வந்து ‘தவறு செய்துவிட்டேன்’ என்று சொல்பவரால்தான் எங்களால் எதையாவது மீட்க முடிகிறது. அப்படி வந்து சொன்னவர் எவரையும் நாங்கள் இதுவரை கடிந்துகொண்டதில்லை.